அவுட்சோர்சிங்: ஒரே சொல்லுக்குள் மூன்று காரியம்

கொழும்பில் ‘அவுட்சோர்சிங்’ என்ற சொல் மூன்று விதமாகப் புழங்குகிறது. கோட்டையிலுள்ள கம்பனி தன் சம்பளக் கணக்கை நுகேகொடையிலுள்ள இன்னொரு கம்பனிக்குக் கொடுத்தால் அது அவுட்சோர்சிங். லண்டனில் மூடிய பிரிவை ராஜகிரியவில் திறந்தால் அதுவும் அவுட்சோர்சிங். மெஷினும் மாறவில்லை, வேலையும் மாறவில்லை, வேலை செய்பவரின் முதலாளி மட்டும் காகிதத்தில் மாறிவிட்டார் என்றால் அதற்கும் இதே பெயர்தான். இந்த மூன்றாவதையும், அதில் காகித முதலாளியாகும் ஆள் வழங்கும் கம்பனியையும் பேச்சில் ‘மேன்பவர்’ என்பார்கள். தொழிலாளிக்கு நேர்வது ஒவ்வொன்றிலும் வேறு. மூன்றையும் ஒரே தமிழ்ச் சொல்லில் அடக்கப் பார்த்ததால்தான் இதுவரை வந்த கலைச்சொற்கள் எதுவும் ஒட்டவில்லை.

ஆங்கில வணிக எழுத்தில் இந்தச் சொல் பரவியது 1970களின் கடைசியிலும் 1980களிலும். ‘அவுட்’ என்றால் வெளி. ‘சோர்ஸ்’ பழைய பிரெஞ்சு வழியாக ‘சுர்கெரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. மேலெழுதல் என்று பொருள். பிரெஞ்சில் அது நீர் ஊற்றைக் குறித்தது. (நமது ‘சுரத்தல்’ ஓசையில் நெருங்கி நிற்பது தற்செயல், உறவு கொண்டாட வேண்டாம்.) ஆக, சொந்தக் கிணற்றை விட்டுவிட்டு வெளி ஊற்றில் மொள்ளுவதுதான் அவுட்சோர்சிங். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது மட்டுமே இதில் பேச்சு. பழைய கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தவர் சொல்லுக்குள்ளேயே இல்லை.

தமிழில் ‘அயலாக்கம்’ தமிழ்நாட்டில் ஓரளவு ஓடும். அங்கே அயல்நாடு என்றால் வெளிநாடு. இங்கே அயல் என்றால் பக்கத்து வீடு. அயலவர் வேலியோரம் நிற்பவர். வேலை கடல் தாண்டிப் போனதை அந்தச் சொல்லால் எப்படிச் சொல்வது? ‘புறத்திறனீட்டம்’ முகாமையாளர் பேச்சு: திறனை ஈட்டுபவர் கம்பனி, இழப்பவர் யாருமில்லை. ‘வெளிமூலமாக்கல்’ ஆங்கிலத்தைத் துண்டு துண்டாக மாற்றி ஒட்டியது.

எங்கள் கை, வழக்கில் இருப்பதைத்தான் எடுக்கும். முதல் வகைக்கு ‘வெளிவாரிப் பணி’. வெளிவாரிப் பட்டம் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள், விளக்கம் வேண்டாம். கடல் கடந்த இரண்டாம் வகைக்கு ‘வேலைப்பெயர்வு’. இடப்பெயர்வு என்ற சொல்லின் கனம் நமக்குத் தெரியும். மூன்றாவதற்கு ‘ஆட்கொந்தராத்து’. கொந்தராத்து போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். வேலையைக் கொந்தராத்து விடுவதற்கும் ஆளையே கொந்தராத்து விடுவதற்கும் உள்ள வேறுபாடு அதில் பளிச்சென்று தெரியும்.

ஆட்கொந்தராத்து புதிதும் அல்ல. மலையகத் தோட்டங்களின் கங்காணியை நினையுங்கள், அந்தப் பெயர் கண்காணியின் திரிபு. ஆள் சேர்த்து வந்தவரும் அவரே, கடன் கொடுத்தவரும் அவரே, வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று துரையிடம் காசு வாங்கியவரும் அவரே. ஒரு தோட்டத்து ஆள் இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடனை அடைத்தால் விடுவிப்போம் என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும். அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

இன்றைய துண்டு இராஜினாமாக் கடிதம். நிரந்தர ஊழியரை அழைத்து, “இதில் ஒரு கையெழுத்து, நாளைக்கு மேன்பவரில் அதே வேலை” என்பார்கள். அந்தக் கையெழுத்தோடு சேவைக்காலம் அறுந்துவிடும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் உண்டு. முதலாளியின் பெயர் மாறிக்கொண்டே இருந்தால் அந்த 5 வருடம் வராது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டமும் அப்படித்தான். 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ இல்லாமல் ஆட்குறைப்புச் செய்தால் அது செல்லாது. ஆனால் 12 மாதத்தில் 180 நாளைத் தொடாதவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சில ஒப்பந்தங்கள் ஏன் ஆறு மாதத்துக்குச் சற்று முன்னால் முடிகின்றன என்பது இப்போது விளங்கும். கையெழுத்துப் போட்ட கடிதம், சட்டம் கேட்கும் சம்மதமாகவே காட்டப்படும். அதே சட்டத்தின் கீழ் 2005இல் வந்த வேலையிழப்பு நட்டஈட்டுச் சூத்திரத்தில் முதல் 5 வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம் என்பதை அறியாமல் போட்ட கையெழுத்தாகவும் அது இருக்கலாம்.

தான் எந்த வகை என்று அறிய, நியமனக் கடிதத்தின் தலைப்பையும் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கில் முதலாளி என்று யார் பதிந்திருக்கிறார் என்பதையும் பாருங்கள். சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியின் 3 வீதம். சம்பளச் சிட்டையில் 8 வெட்டியிருந்தும் கணக்கில் 20 ஏறவில்லை என்றால் நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில் எழுத்தில் முறையிட வேண்டும். சிட்டைகளின் பிரதிகளைக் கையில் வைத்திருங்கள்.

வேலைப்பெயர்வில் கொழும்பு இரண்டு பக்கமும் நிற்கிறது. வேலை இங்கே வரும்போது அங்கே இழப்பவர்தான் இங்கே எடுப்பவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அதை ‘கே.டி.’ என்பார்கள், அறிவு கையளிப்பு. லண்டனில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் 1.30, குளிர்காலத்தில் 2.30. திரையில் தெரியும் முகத்துக்கு இன்னும் சில வாரங்களில் வேலை இல்லை என்பது இரு பக்கமும் தெரிந்திருக்கும், பேச்சில் வராது. வந்த வேலை திரும்பிப் போகும் வழியும் உண்டு. 1978இல் கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயம் திறந்த காலத்தில் ஆடை வேலையை இங்கே தள்ளியது, 1974இல் தொடங்கிய பல்நார் ஒப்பந்தத்தின் கோட்டா முறை, அதாவது நாட்டுக்கு நாடு ஆடை ஏற்றுமதி அளவு வகுத்த முறை. அது 2004 கடைசியோடு முடிந்தது. பிறகு தாங்கியது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை. 27 சர்வதேச உடன்படிக்கைகளைக் கடைப்பிடிப்பது அதன் நிபந்தனை. 2010 ஆகஸ்ட்டில் நின்றது, 2017 மேயில் திரும்பியது. காரணம் மனித உரிமை விவகாரம். ஆகவே கொழும்பில் எடுக்கும் அரசியல் முடிவு தையல் மெஷின் வரைக்கும் வரும். அரசியல் நமக்கெதற்கு என்று கார்மன்ட் பிள்ளை சொல்ல முடியாது.

தொழிற்சங்கம் பதிய 7 பேர் போதும். முதலாளி பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆக வேண்டுமென்றால், கைத்தொழில் பிணக்குச் சட்டத்தின் 1999 திருத்தப்படி ஊழியரில் 40 வீதம் சங்க அங்கத்தவராக இருக்க வேண்டும். மேன்பவர் ஆட்கள் காகிதத்தில் வேறு முதலாளியின் ஆட்கள். அவர்களை அந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்பதே வழக்காகிவிடும். நிரந்தர ஊழியர்கள் அவர்களைச் சங்கத்துக்கு வெளியே வைப்பது தங்கள் கணக்கையே குறைப்பதாகும். இந்தத் தவறு இங்கே அடிக்கடி நடக்கிறது. 2011 மே 30இல் தனியார் துறை ஓய்வூதிய மசோதாவுக்கு எதிராகக் கட்டுநாயக்கவில் திரண்டவர்கள் ஒரே தொழிற்சாலையின் ஆட்கள் அல்லர். பொலிஸ் சுட்டதில் ஓர் இளம் தொழிலாளி இறந்தார். மசோதா கைவிடப்பட்டது.

வலயத்தில் வேலை செய்யும் பலரின் வாக்கு ஊரில் இருக்கிறது. போர்டிங் இருக்கும் தொகுதியின் உறுப்பினருக்கு அவர்கள் வாக்காளர் அல்லர். ஊருக்குப் போய் வாக்களிக்கச் சம்பளத்தோடு லீவு சட்டத்தில் உண்டு, குறைந்தது 4 மணித்தியாலம். தேர்தல் ஆணைக்குழு சொல்லும் அளவு: 40 கிலோமீற்றர் வரை அரை நாள், 100 வரை ஒரு நாள், 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் 2 நாள். பதுளைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிறவருக்கு 2 நாள். மேன்பவர் ஆள் விண்ணப்பத்தை எழுத்தில், சேமலாப நிதிக் கணக்கில் முதலாளியாக உள்ளவருக்குக் கொடுத்து, பிரதியை வேலை செய்யும் இடத்தின் சுப்பர்வைசருக்கும் கொடுக்க வேண்டும். வாயால் கேட்டால் இருவரும் மற்றவரைக் கை காட்டுவார்கள்.