'ஒரு மாதிரியா இருக்கு' என்பதற்குள் என்ன இருக்கிறது?

குடியை நிறுத்தி மூன்றாவது வாரம். கைநடுக்கம் நின்றிருக்கும், பசி எடுக்கும், முகம் தெளிந்திருக்கும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நேரத்தில்தான் அவர் ஆலோசனைக்கு வந்து, "ஒரு மாதிரியா இருக்கு சார்" என்பார். என்ன மாதிரி என்று கேட்டால், "டென்ஷன்" என்பார். அதற்கு மேல் வார்த்தை வராது.

மனதில் இருப்பதை மறைக்கிறார் என்று வீட்டில் நினைப்பார்கள். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. இருபது வயதில் குடிக்கத் தொடங்கியவருக்குக் கோபம், வெட்கம், பயம், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான் இருந்தது. எது வந்தாலும் ஒரு குவார்ட்டர் என்றிருந்தவருக்கு, வந்தது எது என்று பிரித்துப் பார்க்கும் தேவையே வரவில்லை. அந்த 'டென்ஷனை'ப் பிரித்துப் பார்க்கக் கற்பதுதான் மறுவாழ்வின் பெரும்பகுதி என்பேன்.

ஒரு எச்சரிக்கையை முதலில் சொல்லிவிட வேண்டும். தினமும் அதிகம் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பமும், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவதும் வரலாம். உயிருக்கே ஆபத்து. மருத்துவர் கண்காணிப்பில் அதைக் கடந்த பிறகுதான் இந்தப் பயிற்சிகள்.

சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு ஒன்று போதும். காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் ஒவ்வொரு வரி எழுத வேண்டும். நேரம், உடம்பில் எங்கே தெரிகிறது, உணர்வின் பெயர், 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண், சற்று முன் நடந்தது என்ன. உடம்பை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெயர் தெரியாதவருக்கும் தாடை இறுகியிருப்பது, மார்பு படபடப்பது, வயிறு பிசைவது தெரியும். இப்படி இருக்கும் அந்த வரி: "மாலை 6.40. தாடை இறுக்கம். அவமானம் 7. மச்சான் முன்னாடி வாயை ஊதச் சொன்னா."

முதல் வாரத்தில் இந்த இடத்தில் 'கோபம்' என்றுதான் எழுதுவார்கள். கோபம் மேலே தெரிவது. அடியில் இருப்பது அவமானம். கோபம் என்று எடுத்துக்கொண்டால் சண்டை போடத் தோன்றும். அவமானம் என்று தெரிந்தால், "சந்தேகம் வந்தா தனியா கூப்பிட்டுக் கேளு, நாலு பேர் முன்னாடி வேண்டாம்" என்று மனைவியிடம் சொல்ல முடியும். பெயர் மாறினால் செய்ய வேண்டியதும் மாறுகிறது.

அடிக்கடி நேரும் பிழை, உணர்வுக்குப் பதில் எண்ணத்தை எழுதுவது. 'அவ என்னை மதிக்கல' என்பது எண்ணம். இன்னொரு பிழை, ஆலோசனைக்கு வரும் முந்தைய இரவில் ஒரு வாரத்துக்கும் சேர்த்து எழுதுவது. அது கணக்கு முடிக்கத்தான் உதவும்.

குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களில் சொல்லும் நான்கு கேள்விகளும் இங்கே கைகொடுக்கும்: பசியா, கோபமா, தனிமையா, களைப்பா? மதியம் சரியாகச் சாப்பிடாமல் மாலை 7 மணிக்கு டாஸ்மாக் இருக்கும் தெரு வழியாக வீடு திரும்புபவரின் 'டென்ஷனில்' பாதி, பசியாக இருக்கும். இரண்டு இட்லியில் அது தணியும். தூக்கம் அப்படியல்ல. குடியை நிறுத்திய பிறகும் பல மாதங்கள் கெட்டே இருக்கலாம். அது தெரியாமல், "குடிக்காம தூங்கவே முடியாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

குடிக்கும் வேட்கை அலை மாதிரி. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் 20, 30 நிமிடத்தில் அடங்கும். அதை எதிர்த்து மல்லுக்கட்டாமல், உடம்பில் எங்கே ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று கவனித்தபடியே கடக்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் வகுத்தார். அந்த அரை மணி நேரத்தில் கடைத்தெருவில் நிற்கக் கூடாது என்பது மட்டும் கட்டாயம். சம்பள நாளில் வழியை மாற்றுங்கள். இப்போது செல்போனே பணப்பை என்பதால், யூபிஐ கணக்கில் சிறு தொகை மட்டும் இருக்கட்டும்.

மூச்சுப் பயிற்சியைப் பலர் தவறாகச் செய்கிறார்கள். படபடப்பு வந்ததும் வேகவேகமாக ஆழ்ந்து இழுத்தால் தலை சுற்றும், பயம் கூடும். மூக்கு வழியாக 4 எண்ணும் வரை உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே, 5 நிமிடம். இதை மனம் அமைதியாக இருக்கும்போதே தினமும் பழக வேண்டும். நெருக்கடியில் புதிதாக எதுவும் வராது.

குடிக்குப் பதிலாக இன்னொன்று வந்து உட்காருவதையும் கவனியுங்கள். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் தூக்க மாத்திரை, ஆன்லைன் ரம்மி, இரட்டிப்பான சிகரெட். தூக்க மாத்திரைகளில் பல, தாமே அடிமையாக்கக் கூடியவை.

ஒருநாள் சறுக்கினால், "எல்லாம் போச்சு, இனி என்ன" என்ற எண்ணம்தான் இரண்டாவது குவார்ட்டரை வாங்க வைக்கிறது. அந்த வெட்கத்துக்கும் நோட்டில் ஒரு வரி கொடுங்கள். அன்றைக்கே மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ சொல்லிவிடுங்கள். குடித்தால் ஒத்துக்கொள்ளாத டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவர் குடித்துவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் அவருக்குத் தெரியாமல் அந்த மாத்திரையைச் சாப்பாட்டில் கலப்பது பேராபத்து, தயவுசெய்து செய்யாதீர்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று பேரின் எண்களும், 24 மணி நேரமும் இலவசமாகப் பேசக்கூடிய அரசு மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ம் இருக்கட்டும். அந்த மூன்று பேரிடமும் இன்றைக்கே சொல்லி வையுங்கள்: "ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் எடுங்க. புத்தி சொல்ல வேண்டாம், அரை மணி நேரம் பேசிக்கிட்டு இருந்தா போதும்."