மூன்று தொப்பிகள், ஒரே சிப்பாய்

2025 ஜூன் மாதம் அதிபர் டிரம்ப், கலிபோர்னியாவின் தேசியக் காவல் படையை, தெருப் போராட்டங்கள் நடந்த லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குள் இறக்கினார். மாநில ஆளுநர் கேவின் நியூசம் எதிர்த்தும் பயனில்லை. ஒரு மாநிலத்தின் படையை அதிபர் எப்படி எடுத்துக்கொள்ள முடியும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு விடை காண மிலிஷியாவிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்க அரசமைப்பு சொல்லும் மிலிஷியா, சம்பளப் பட்டாளம் அல்ல. சாதாரணக் குடிமக்களின் படை. 1792ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடல்திறன் கொண்ட 18 முதல் 45 வயது வரையிலான வெள்ளையின ஆண்கள் துப்பாக்கி, இரண்டு உபரிச் சிக்கிமுக்கிக் கற்கள், 24 தோட்டாக்கள் கொள்ளும் பெட்டி ஆகியவற்றைத் தாங்களே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதிகாரிகளை நியமிப்பது மாநிலத்தின் உரிமை. மத்திய அரசு மூன்று காரியங்களுக்கு மட்டுமே இவர்களை அழைக்கலாம்: சட்டத்தை நிறைவேற்ற, கிளர்ச்சியை அடக்க, படையெடுப்பை முறியடிக்க.

வெளிநாட்டுப் போர் இதில் இல்லை. 1812இல் நயாகரா ஆற்றின் மறுகரையில், கனடா மண்ணில், சக வீரர்கள் போரிட்டுக்கொண்டிருந்தபோது நியூயார்க் மிலிஷியாவினர் பலர் ஆற்றைக் கடக்க மறுத்துவிட்டனர். 1903இல் தேசியக் காவல் படை மிலிஷியாவின் முறையான அங்கமான பிறகும் சிக்கல் தீரவில்லை.

1933இல் நாடாளுமன்றம் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் அபாரமானது. அரசமைப்பில் ஓர் எழுத்தைக்கூட அது மாற்றவில்லை. மாநிலக் காவல் படையில் சேருகிறவர், கூடவே ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் காவல் படை என்ற வேறோர் அமைப்பிலும் சேர்ந்துவிடுகிறார். ஆள் ஒருவர், பதிவு இரண்டு. மத்திய அரசு பணிக்கு அழைத்ததும் இரண்டாவது பதிவு உயிர்பெறுகிறது. அந்தப் பணி முடியும்வரை மாநிலப் படையிலிருந்து அவர் விடுவிக்கப்படுகிறார். அப்போது அவர் மிலிஷியாக்காரரே அல்ல, ராணுவ வீரர். மிலிஷியாவுக்கு உரிய வரம்புகள் அவரைக் கட்டுப்படுத்தா.

மினசோட்டா ஆளுநர் ரூடி பெர்பிச், தம் மாநில வீரர்களை மத்திய அமெரிக்கப் பகுதியிலுள்ள வெளிநாடுகளுக்குப் பயிற்சிக்கு அனுப்புவதை எதிர்த்து வழக்காடினார். 1990இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை நிராகரித்தது. இவர்களின் அலமாரியில் குடிமகன், மாநில மிலிஷியா, ராணுவம் என மூன்று தொப்பிகள் இருக்கின்றன, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் அணிகிறார்கள் என்று எழுதினார் நீதிபதி ஸ்டீவன்ஸ்.

லாஸ் ஏஞ்சலிஸில் நடந்ததும் தொப்பி மாற்றம்தான். மிலிஷியாவை அழைக்கும் அவசரம் வந்துவிட்டதா என்பதை அதிபரே தீர்மானிப்பார் என 1827இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அந்நியப் படையெடுப்பை ஒட்டி எழுந்த வழக்கு அது. அந்தத் தீர்ப்பை நகரத் தெருவில் நடக்கும் போராட்டம்வரை இழுப்பது பெருந்தவறு. ஆளுநரிடமிருந்து படையைப் பறிக்கும் ஆணையை நீதிமன்றம் ஆராய்ந்தே ஆக வேண்டும்.

சீருடை போட்டுக்கொண்டு தங்களை மிலிஷியா என்று அழைத்துக்கொள்ளும் தனியார் குழுக்களைப் பற்றியும் வாசகர் கேட்டிருந்தார். 1879இல் சிகாகோவில் ஹெர்மன் பிரெஸ்ஸர் குதிரைமேல் வாளேந்தி முன்செல்ல, துப்பாக்கி தாங்கிய 400 பேர் அணிவகுத்தார்கள். மாநில அனுமதி இல்லாததால் அவருக்கு 10 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 1886இல் அந்தத் தண்டனையை உறுதிசெய்தது.