பயோபிலிக் டிசைன்: தமிழில் என்ன சொல்வது?

கிருஷ்ணகிரியில் சித்தப்பா வீடு கட்டப் போகிறார். இன்ஜினியர் கொடுத்த பிளானில் ஹால் சுவர் ஒன்றில் 'பயோபிலிக் டிசைன்' என்று எழுதியிருந்தது. என்னவென்று விசாரித்தால், பிளாஸ்டிக் புல் ஒட்டுவதாம். "இதுக்குத் தமிழ்ல என்னப்பா பேரு?" என்று சித்தப்பா கேட்டார். அந்தச் சொல்லுக்கும் பிளாஸ்டிக் புல்லுக்கும் சம்பந்தமே இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கிரேக்கத்தில் 'பயோஸ்' என்றால் உயிர், வாழ்வு. 'பிலியா' என்றால் அன்பு, பற்று. உளவியலாளர் எரிக் ஃபுரோம் 1964லேயே பயோபிலியா என்று எழுதியிருக்கிறார். எறும்புகளை ஆராய்ந்த எட்வர்ட் வில்சன் 1984ல் அதை உயிரியலுக்குக் கொண்டுவந்து, மற்ற உயிர்கள் மேல் நமக்குள்ள ஈர்ப்பு கூடப்பிறந்தது என்றார். சூழலியல் பேராசிரியர் ஸ்டீபன் கெல்லர்ட் போன்றவர்கள் அதைக் கட்டடக்கலைக்கு எடுத்துப்போனார்கள்: வெளிச்சம், காற்று, செடி, தண்ணீர் என்று இயற்கையோடு ஒட்டி இருக்கும்படி கட்டடத்தை அமைப்பதுதான் பயோபிலிக் டிசைன். அதே 1984ல் ரோஜர் உல்ரிச் ஓர் ஆய்வு வெளியிட்டார்: பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரில், ஜன்னலுக்கு வெளியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

பசுமைக் கட்டடம் என்பது வேறு, அது மின்சாரமும் தண்ணீரும் மிச்சம் பிடிப்பது பற்றியது.

சரி, தமிழ்ச்சொல்? 'உயிர்நேய வடிவமைப்பு' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெளிச்சம், காற்று, கல், தண்ணீர் எல்லாம் இதில் சேர்த்தி, அவற்றுக்கு உயிர் கிடையாது. தவிர, உயிர்நேயம் என்றதும் தெருநாய்க்குச் சோறு வைப்பதுதான் நினைவுக்கு வருகிறது. நான் 'இயற்கை நாட்டம்' என்பேன், கட்டடத்துக்கு வரும்போது 'இயற்கைநாட்ட வடிவமைப்பு'. நாட்டம் என்றால் விருப்பம், பார்வை. பழந்தமிழில் கண்ணுக்கே அந்தப் பெயர் உண்டு. அந்த மருத்துவமனை ஜன்னலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் என்பதே போர்த்துகீசிய 'ஜனேலா'தான், நம்முடைய சொல் காலதர்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் 'மான்கட் காலதர்' வருகிறது, மான் கண் போன்ற ஜன்னல்.

பாலக்கோடு பக்கம் எங்கள் பழைய வீட்டில் நடுமுற்றம் இருந்தது. மாசி, பங்குனியில் பாட்டியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் அங்கே உட்கார்ந்து புளி தட்டுவார்கள். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து, வெயில் நகர நகர நிழலைப் பார்த்து முறத்தோடு தள்ளித் தள்ளி உட்காருவார்கள். மழை வந்தால் நாலு பக்க ஓட்டிலிருந்தும் தண்ணீர் உள்ளேயே இறங்கும், நாங்கள் அண்டாவை நகர்த்தி வைப்போம்.

சித்தப்பா பிறந்த வீடு அது. இதைச் சொன்னதும் இன்ஜினியருக்கு போன் போட்டார்: "புல்லெல்லாம் வேணாம்பா, ஹாலுக்கு நடுவுல ஆறடிக்கு ஆறடி மேல திறந்து விட்டா எவ்வளவு ஆகும்?"