பம்ப்பில் வரும் பாலும் குழந்தை குடிக்கும் பாலும்

குழந்தை பிறந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது, பல வீடுகளில் தாய்ப்பால் எடுக்கும் பம்ப் வந்துவிடுகிறது. பிள்ளை மார்பில் நன்றாகத்தான் குடிக்கிறது, எடையும் ஏறுகிறது. இருந்தாலும் "வேலைக்குப் போகணுமே, இப்பவே சேர்த்து வச்சாத்தானே" என்று தாய் பம்ப்போடு உட்கார்கிறார். பாட்டிலில் 30 மில்லி வருகிறது. அதைப் பார்த்த மாமியார், "இதைக் குடிச்சா பிள்ளைக்கு எப்படிம்மா வயிறு நிறையும்? பால் பத்தல, பவுடர் வாங்கிடலாம்" என்கிறார். பாலூட்டல் ஆலோசகராக நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. தேவையே இல்லாத வீட்டுக்குள் பால் பவுடர் டப்பா இப்படித்தான் நுழைகிறது.

அந்த 30 மில்லி குறைவே இல்லை. பிள்ளை குடித்தது போக எடுத்த பால் அது. நேரடியாகப் பாலூட்டும் தாய், நடுவில் பம்ப் செய்தால் இரண்டு மார்பிலும் சேர்த்து 15 முதல் 60 மில்லி வரை வருவது வழக்கம்தான். பால் போதுகிறதா என்பதைப் பாட்டிலில் பார்க்காதீர்கள், பிள்ளையிடம் பாருங்கள். ஐந்து நாள் கடந்த குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் திரும்ப எட்டியிருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால் பால் போதுகிறது.

முதல் நான்கு முதல் ஆறு வாரத்தில் பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை குடிக்கும். எவ்வளவு பால் வெளியேறுகிறதோ, அதற்கேற்பச் சுரப்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும் காலம் இது. இந்த நேரத்தில் கூடுதலாக மூன்று நான்கு தடவை பம்ப் செய்தால், உடம்பு இரட்டைப் பிள்ளை பிறந்ததாக நினைத்துச் சுரக்கத் தொடங்கிவிடும். அப்புறம் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகும், காய்ச்சல் வரும், பிள்ளை வேகமாக வரும் பாலைக் குடிக்க முடியாமல் புரையேறித் தவிக்கும். நன்றாகக் குடிக்கும் பிள்ளை என்றால் இந்த வாரங்களில் பம்ப் அலமாரியிலேயே இருக்கட்டும்.

இதற்கு விலக்கு உண்டு. குறைமாதக் குழந்தை, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் குழந்தை, மார்பைப் பிடிக்கவே தெரியாத குழந்தை என்றால் காத்திருக்கக் கூடாது. பிறந்த சில மணி நேரத்துக்குள் கையாலேயே சீம்பாலை எடுக்கத் தொடங்கி, இரவு உட்பட ஒரு நாளைக்கு எட்டு முறையாவது எடுக்க வேண்டும்.

சரி, எப்போது பம்ப் செய்வது? காலையில். சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில் அதிகம் என்பதால், பலருக்கு விடியும்போது மார்பு நிறைந்திருக்கும். காலையில் முதல் பால் கொடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து, 10-15 நிமிடம் எடுத்தால் போதும். அடுத்த பாலுக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். பம்ப்பைக் கழற்றியதுமே பிள்ளை அழுதால் பதற வேண்டாம், மார்பில் போடுங்கள். சுரப்பு நிற்பதே இல்லை, பிள்ளை கொஞ்சம் கூடுதல் நேரம் சப்பும், அவ்வளவுதான்.

எடுக்கும்போது வலிக்கக் கூடாது. வலித்தால் பம்ப்பில் மார்போடு பொருத்தும் புனலைப் பாருங்கள். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 மில்லிமீட்டர், பலருக்கு அது பொருந்துவதில்லை. காம்பு புனலின் சுவரில் உரசாமல் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். கருவளையத்தையும் சேர்த்து உள்ளே இழுத்தால் புனல் பெரிது. காம்பு உரசிச் சிவந்தால் சிறிது. அளவு மாற்றாமல் இழுவிசையைக் கூட்டினால் புண்தான் மிஞ்சும்.

வேலைக்குத் திரும்புவதற்குள் போதிய பால் சேருமா என்று தாய்மார்கள் மிகவும் பயப்படுகிறார்கள். சட்டப்படி 26 வார மகப்பேறு விடுப்பில், பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். அதை முழுதாக எடுத்தவரும் வேலைக்குத் திரும்பும்போது பிள்ளைக்கு நான்கு மாதம் ஆகியிருக்கும். திரும்புவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பு தொடங்கினாலே போதும். ஒன்று முதல் ஆறு மாதக் குழந்தை ஒரு நாளைக்குக் குடிப்பது சராசரியாக 750 மில்லி. பத்து மணி நேரம் வெளியே இருந்தால் 300, 350 மில்லி வைத்துவிட்டுப் போகலாம். முதல் இரண்டு நாளுக்கான பால் கையிருப்பில் இருந்தால் சரி. அதன்பின் இன்று அலுவலகத்தில் எடுக்கும் பால் நாளைக்கு. ஃப்ரீசரை நிரப்பி வைத்தால், ஒரு மே மாத மின்வெட்டில் அத்தனையும் போய்விடலாம்.

வெளியே 4 மணி நேரம் வைக்கலாம் என்பது 25 டிகிரி வரையிலான அறைக்குத்தான். நம் ஊர் வெயிலில் எடுத்த உடனே பிரிட்ஜின் உள்பக்கம் வையுங்கள், கதவுத் தட்டில் வேண்டாம். 4 நாள் தாங்கும். கொடுக்கும்போது வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கினால் போதும், அடுப்பில் காய்ச்சக் கூடாது. சின்னக் குழந்தைக்குப் பாட்டிலைவிடப் பாலாடைதான் (மூக்கு வைத்த சிறு கிண்ணம்) என் தேர்வு. கழுவுவது எளிது, பாட்டில் காம்புக்குப் பழகி மார்பை மறுக்கும் தொல்லையும் இல்லை. பாட்டி மடியில் நிமிர்த்தி வைத்து, உதட்டோரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போகப் பாலூட்டவென்று தினமும் இரண்டு இடைவேளை தர வேண்டும் என்கிறது சட்டம். 50 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகமும் கட்டாயம். வேலைக்குத் திரும்பும் முன்பே அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்: உள்ளே தாழிடக்கூடிய அறை எது, அதில் ப்ளக் பாயிண்ட் இருக்கிறதா, பாலை வைக்க பிரிட்ஜில் இடம் உண்டா என்று. கழிவறையைக் காட்டினால் மறுத்துவிடுங்கள்.