க முதல் ன வரை: எழுத்து வரம்பு ஒப்பீடு எங்கே சறுக்குகிறது

ஒரு தமிழ் உரையில் இருக்கும் மெய்களை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உரையில் ஒரு வடிவத்தைத் தேடும் குறியீட்டு முறையான ரீஜெக்ஸில் [க-ன] என்று எழுதுவதுதான் முதலில் தோன்றும் வழி. நெடுங்கணக்கில் க முதலில் வருகிறது, ன கடைசியில் வருகிறது. பதினெட்டும் இதற்குள் அடங்கிவிட வேண்டும். ஓட்டிப் பார்த்தால் 'கண்' சிக்குகிறது, 'தடை' சிக்குகிறது. 'மரம்' என்ற சொல்லில் ஓர் எழுத்துகூடச் சிக்கவில்லை. பிழைச் செய்தியும் வராது. ஸ்கிரிப்ட் அமைதியாக ஓடி முடிந்து, பாதித் தரவைக் கையில் கொடுத்துவிடும்.

இங்கே எண்களைப் பார்த்துவிட்டால் விஷயம் தெளிவாகிவிடும். கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு தரத்தில் க-வின் எண் 2965, ன-வின் எண் 2985. ப அதற்கு அடுத்தபடி 2986-இல் நிற்கிறது. ம 2990, ர 2992, ற 2993, ல 2994, ள 2995, ழ 2996, வ 2997. ரீஜெக்ஸ் நாம் எழுதிய வரம்பை '2965-க்குக் குறையாமல், 2985-க்கு மிகாமல்' என்று மட்டுமே படிக்கிறது. ப, ம, ய, ர, ற, ல, ள, ழ, வ ஆகிய ஒன்பதும் வெளியே போய்விடுகின்றன. பதினெட்டில் சரிபாதி! கூடவே, நாம் கேட்காத ஜ 2972-இல் உட்கார்ந்திருப்பதால் உள்ளே வந்துவிடுகிறது.

ன ஏன் அவ்வளவு முன்னால் போனது? யூனிகோடின் முதல் பதிப்பு 1991-இல் வந்தபோது, இந்திய எழுத்துகளுக்கான அடுக்கை அது இஸ்கி என்ற இந்தியத் தரத்திலிருந்து எடுத்துக்கொண்டது. இஸ்கியின் நோக்கம், எல்லா இந்திய எழுத்து முறைகளையும் ஒரே சட்டகத்தில் வைப்பது. தேவநாகரியில் ஓர் ஒலி எந்த இடத்தில் இருக்கிறதோ, வங்கத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் அதே இடத்தில் இருக்கும். அதனால்தான் தமிழ்ப் பகுதியில் க-வுக்கு அடுத்து மூன்று இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. ங 2969-இல் தொடங்குகிறது. சமஸ்கிருதத்தில் இல்லாத ன, ற, ழ போன்றவை, ஒலியில் நெருக்கமான ந, ர, ள ஆகியவற்றின் பக்கத்தில் வைக்கப்பட்டன. எழுத்துப்பெயர்ப்புக்கு வசதியான ஏற்பாடுதான். ஆனால் எண் வரிசையும் நெடுங்கணக்கு வரிசையும் அன்றோடு பிரிந்துவிட்டன. ஒரு பகுதிக்கு எண் ஒதுக்கிவிட்டால் யூனிகோடு அதை மாற்றுவதில்லை. ஆகவே இந்தப் பிரிவு நிரந்தரமானது.

சரி, [க-ஹ] என்று எழுதினால்? எல்லா மெய்களும் வந்துவிடும். ஆனால் முழுச் சொற்கள் வராது. 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. நினைவகத்தில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து எண்கள். ஹ 3001-இல் முடிகிறது. உயிர்மெய்க் குறிகள் 3006-இல்தான் தொடங்குகின்றன, புள்ளி 3021-இல் இருக்கிறது. எனவே இந்த வரம்பு சொல்லைக் குறி வரும் இடத்தில் எல்லாம் வெட்டிவிடும். வரம்பே வேண்டாம் என்று 'சொல்லெழுத்து' என்ற ஆயத்தக் குறியீட்டுக்கு (\w) போனாலும், பைத்தானின் உள்ளமைந்த ரீஜெக்ஸ் தொகுதியில் அதே கதைதான். எழுத்து அல்லது இலக்கம் என்ற வகையைச் சேர்ந்தவற்றையும் அடிக்கோட்டையும் மட்டும் அது ஏற்கிறது. குறிகள் வேறு வகை. 'தமிழ்' அங்கே 'தம', 'ழ' என்று இரண்டாக உடைந்து வரும். இதை ஒருமுறை திரையில் பார்த்துவிட்டால் தமிழ் உரையாய்வில் வரும் பாதிப் புதிர்களுக்கு விடை கிடைத்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட், பெர்ல் போன்றவற்றில் 'தமிழ் எழுத்து முறையைச் சேர்ந்தது' என்ற பண்பையே நேரடியாகக் கேட்கலாம். அந்த வசதி இல்லாத இடத்தில், தமிழுக்கு ஒதுக்கிய 2944 முதல் 3071 வரையான பகுதி முழுவதையும் வரம்பாகக் கொடுப்பது நல்லது. தமிழ் எண்களும் சில சின்னங்களும் கூட வரும். பெரும்பாலான வேலைகளுக்கு அதனால் தொல்லையில்லை.

இதுவரை சொன்னது ஒற்றை எழுத்து வரம்பு. ஸ்கிரிப்ட் மொழிகளில் பலர் வரம்பை வேறு விதமாகவும் எழுதுவார்கள்: சொல் 'அ'-வைவிடச் சிறியதல்ல, 'ஔ'-வைவிடப் பெரியதல்ல என்றால் அது உயிரெழுத்தில் தொடங்குகிறது. 'அம்மா', 'இலை', 'ஓடம்' எல்லாம் தேறும். 'ஔவை' மட்டும் தேறாது.

காரணம் ஒப்பிடும் முறையில் இருக்கிறது. இரண்டு சரங்களையும், அதாவது எழுத்துத் தொடர்களையும், இடமிருந்து ஒவ்வோர் எண்ணாக எடுத்து, முதன்முதலில் வேறுபடும் இடத்தில் எது சிறியதோ அந்தச் சரம் சிறியது என்று முடிவு செய்கிறார்கள். ஒரு சரம் பாதியில் தீர்ந்துபோனால், தீர்ந்தது சிறியது. 'ஔ' ஓரெழுத்தோடு தீர்ந்துவிட்டது, 'ஔவை' இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே 'ஔவை' பெரியது, வரம்புக்கு வெளியே. வரம்பின் கடைசி எழுத்தில் தொடங்கும் எல்லாச் சொற்களுக்கும் இதே கதி. முதல் எழுத்தைத் தனியாக எடுத்து ஒப்பிடுவது ஒரு வழி. அல்லது மேல் எல்லையை அடுத்த எண்ணுக்கு நகர்த்தி, 'க'-வைவிடச் சிறியது என்று எழுதலாம். எனக்கு இரண்டாவது வழி பிடிக்கும். கீழ் எல்லை சேரும், மேல் எல்லை சேராது என்ற வழக்கத்தை ஒருமுறை பிடித்துக்கொண்டால், இந்த வகைப் பிழை வருவதே அரிது.

இதே முறைதான் '10' என்ற சரத்தை '9'-ஐவிடச் சிறியதாக்குகிறது. எழுத்தாகப் பார்த்தால் 1-இன் எண் 49, 9-இன் எண் 57. ஒப்பீடு அந்த முதல் இடத்திலேயே முடிந்துவிடுகிறது. பெர்லில் இது தலைகீழாகவும் நடக்கும். எண்ணுக்கு ஒரு குறி, சரத்துக்கு வேறு குறி என்று அங்கே பிரிவு உண்டு. எழுத்துகளை எண் குறியால் ஒப்பிட்டால் இரண்டு பக்கமும் பூஜ்யமாக மாறி, எல்லா எழுத்துகளும் சமம் என்றாகிவிடும். எச்சரிக்கைகளை இயக்கி வைத்திருந்தால் அது புகார் சொல்லும். அதை அணைத்து வைப்பதில் ஒரு லாபமும் இல்லை.

சரங்களின் அளவு மாறுவதால் வரும் மிக விசித்திரமான விளைவைப் பிஎச்பியில் பார்க்கலாம். ஆங்கிலச் சிறிய எழுத்துகள் இருபத்தாறையும் அச்சிட, ஏ-யில் தொடங்கி, இசட்-ஐ மிகாத வரை ஒவ்வொன்றாகக் கூட்டிப் போ என்று ஒரு சுழற்சி எழுதுகிறோம். வெளியே வருவது 26 அல்ல, 676. பிஎச்பியில் இசட்-டோடு ஒன்று கூட்டினால் ஏஏ என்ற ஈரெழுத்துச் சரம் வரும். ஏஏ என்பது இசட்-ஐவிடச் சிறியது, ஏனென்றால் முதல் எழுத்திலேயே ஒப்பீடு முடிந்துவிட்டது. இப்படியே ஒய்இசட் வரை போய், இசட்ஏ வந்தபோதுதான் சுழற்சி நிற்கிறது. இருபத்தாறு ஒற்றை எழுத்துகள், 650 இரட்டை எழுத்துகள். இங்கே கூட்டலும் சரி, ஒப்பீடும் சரி, தத்தம் விதிப்படி ஒழுங்காகவே நடக்கின்றன. இரண்டு விதிகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஆங்கில எழுத்துகளிலும் ஓட்டைகள் உண்டு. ஆங்கில எழுத்துகளுக்கான பழைய எண் அட்டவணையான ஆஸ்கியில் பெரிய எழுத்துகள் 65 முதல் 90 வரை, சிறியவை 97 முதல் 122 வரை. சோம்பலில் பெரிய ஏ முதல் சிறிய இசட் வரை என்று ஒரே வரம்பாக எழுதினால், நடுவில் இருக்கும் ஆறு குறிகளும் புகுந்துவிடும்: இரண்டு சதுர அடைப்புகள், பின்சாய்வு, கூரைக் குறி, அடிக்கோடு, சாய்ந்த ஒற்றை மேற்கோள். பயனர் பெயரைச் சரிபார்க்கும் இடத்தில் இந்த வரம்பு இருந்தால், பின்சாய்வு உள்ள பெயரும் செல்லும். ஐபிஎம்மின் எப்சிடிக் குறியீட்டில் நிலைமை இன்னும் கடினம். அதில் பெரிய ஐ 201, அடுத்த ஜே 209. இந்த இடைவெளிகளைத் தாண்டிச் சரியான எழுத்துகளை மட்டும் பிடிக்கப் பெர்ல் தனி ஏற்பாடு வைத்திருக்கிறது.

நாம் தட்டச்சு செய்யும் கட்டளைகளை இயக்கும் ஷெல்லுக்கு வந்தால் எண் வரிசையும் கைகொடுக்காமல் போகலாம். கணினியின் மொழி, வட்டார வழக்கைக் குறிக்கும் லோக்கேல் அமைப்பு, எழுத்துகளை அகராதி வரிசையில் அடுக்கச் சொல்லும். பல லோக்கேல்களில் அது சிறிய ஏ, பெரிய ஏ, சிறிய பி, பெரிய பி என்று மாறி மாறிப் போகும். அந்த வரிசையில் சிறிய ஏ முதல் சிறிய சி வரை என்று கேட்டால், பெரிய எழுத்தில் தொடங்கும் கோப்புகளும் பட்டியலில் வரும். கோப்புகளை அழிக்கும் கட்டளைக்கு இந்த வரம்பைக் கொடுத்தவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். பரவலாகப் பயன்படும் ஷெல்லான பேஷின், 2019-இல் வந்த 5.0 பதிப்பு முதல், கோப்புப்பெயர் வரம்புகளை ஆஸ்கி வரிசையிலேயே பார்ப்பது இயல்பாக்கப்பட்டது. ஆனால் பழைய பேஷ் ஓடும் சர்வர்கள் இன்னும் உண்டு, மற்றக் கருவிகளுக்குத் தனித்தனி வழக்கம் உண்டு. ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே லோக்கேலை, எண் வரிசையையே பின்பற்றும் 'சி' என்று நிறுத்திவிடுவதும், வரம்புக்குப் பதில் 'சிறிய எழுத்து' என்ற பெயர்வகையைப் பயன்படுத்துவதும் பாதுகாப்பானவை.

ஷெல்லில் இன்னொன்றும் பார்த்துவிட வேண்டும். ஒற்றைச் சதுர அடைப்புக்குள் இரண்டு சரங்களுக்கு நடுவே 'பெரியது' குறியை அப்படியே போட்டால், ஷெல் அதை வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் குறியாக எடுத்துக்கொள்ளும். ஒப்பீடு நடக்காது, இரண்டாவது சரத்தின் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு முளைத்திருக்கும், முதல் சரம் காலியாக இல்லாதவரை விடை எப்போதும் 'உண்மை'. எந்தத் தரவு கொடுத்தாலும் நிபந்தனை தேறுகிறது என்றால், முதலில் அந்தக் கோப்புறையில் அறிமுகமில்லாத வெற்றுக் கோப்பு கிடக்கிறதா என்று பாருங்கள். இரட்டைச் சதுர அடைப்பில் இந்தச் சிக்கல் இல்லை.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்துகளால் வரும் சிக்கல்தான் கண்டுபிடிக்கக் கடினம். 'கொ' என்பதைக் க-வோடு ஒற்றை ஒகரக் குறி சேர்த்தும் எழுதலாம், க-வோடு கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஒப்பிட்டால் சமமில்லை. யூனிகோடின் இயல்பாக்கம் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆகவே ஒப்பிடுவதற்கு முன் அதைச் செய்துவிட வேண்டும். ஆனால் ஔவையை ஒ, ள, வை என்று தட்டச்சு செய்திருந்தால் இயல்பாக்கமும் உதவாது. கணினியைப் பொறுத்தவரை அது உண்மையிலேயே வேறு சொல்.

அதனால் ஒப்பீடு ஏமாற்றும்போது அந்தச் சரத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அதன் எண்களை அச்சிடுங்கள். பைத்தானில் ஆர்ட், ரூபியில் கோட்பாயின்ட்ஸ் என்று ஒவ்வொரு மொழியிலும் அதற்கொரு வழி இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. அங்கே சரங்கள் பதினாறு பிட் துண்டுகளாக ஒப்பிடப்படுகின்றன. தமிழ் எழுத்து ஒரு துண்டில் அடங்கிவிடும்; பெரும்பாலான எமோஜிகளுக்குக் குறைந்தது இரண்டு துண்டுகள் வேண்டும். இரண்டு எமோஜிகளுக்கு இடையில் ஒரு வரம்பு எழுதி, துண்டுகளைச் சேர்த்து முழு எழுத்தாகப் படிக்கச் சொல்லும் யூனிகோடு கொடியைப் போட மறந்தால், முதல் எமோஜியின் பின்துண்டுக்கும் இரண்டாவதன் முன்துண்டுக்கும் இடையிலான வரம்பாக அது படிக்கப்படும். முன்துண்டின் எண் எப்போதும் சிறியது என்பதால், வரம்பு தலைகீழாக இருக்கிறது என்று பிழை வரும். அந்தக் கொடியைச் சேர்த்தாலே போதும்.

நெடுங்கணக்கு வரிசையே வேண்டும் என்றால் எண்களை ஒப்பிடுவதை விட்டுவிட வேண்டியதுதான். ஜாவாஸ்கிரிப்டில் அகராதி வரிசைப்படி ஒப்பிடும் கொலேட்டரில் மொழியைத் தமிழ் என்று குறிப்பிட்டால் ப-வுக்கும் ம-வுக்கும் பிறகே ற, ன வரும். மற்ற மொழிகளில் ஐசியூ நூலகம் அதே வேலையைச் செய்யும். ரீஜெக்ஸ் வரம்புக்கு மட்டும் இந்த வசதி எட்டாது. அங்கே பதினெட்டு மெய்களையும் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்துவிடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அடுத்து அந்த நிரலைப் படிப்பவருக்கு எது உள்ளே, எது வெளியே என்பதில் சந்தேகமே வராது.