பக்கவாதமா, மூளைத்தாக்கா?

ஸ்ட்ரோக் என்பதற்குத் தமிழில் பக்கவாதம் என்கிறோம். இலங்கையில் பாரிசவாதம் என்பார்கள். பேச்சில் இன்னும் பச்சையாக, 'கை கால் விழுந்துடுச்சு', 'ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு', 'வாய் கோணிடுச்சு'. இத்தனை பெயர்களில் எதிலும் மூளை இல்லை. நோய் நடப்பதோ முழுக்க முழுக்க மூளையில்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். வாதம் என்பது வடமொழி 'வாத', அதாவது காற்று. பட்டிமன்றத்தில் செய்கிற வாதம் வேறு. அதன் மூலம் 'வாத' என்றே நம் எழுத்தில் வந்தாலும் ஒலியும் பொருளும் வேறான இன்னொரு சொல். தமிழ் எழுத்தில் வந்தபோது இரண்டும் ஒன்றாகிவிட்டன. உடம்பை வாதம், பித்தம், கபம் மூன்றும் நடத்துகின்றன, அவற்றின் அளவு கெட்டால் நோய் என்பது சித்த, ஆயுர்வேத மரபு. இந்தக் காற்றுக்கு நல்ல தமிழ்ச் சொல் வளி. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் முதல் குறள் முடிவதே 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்றுதான். பக்கம் என்பதைப் 'பக்ஷ' என்பதன் திரிபு என்பாரும் உண்டு, 'பகு' என்ற தமிழ் வேர் என்பாரும் உண்டு. பாரிசம் 'பார்சுவ' என்பதிலிருந்து வந்தது, அதுவும் பக்கம்தான். தெலுங்கில் பக்ஷவாதம், கன்னடத்தில் பார்சுவவாயு. ஒரு பக்கத்தைக் காற்று பிடித்துக்கொண்டது என்று தென்னாடு முழுவதும் ஒரே மாதிரிதான் பார்த்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்து ஸ்ட்ரோக் என்றால் அடி. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'கடவுளின் கை அடித்த அடி' என்ற பொருளில் இந்த நோய்க்குப் பெயராயிற்று. அதற்கு முன் கிரேக்கர் வைத்த அப்போப்ளெக்ஸி என்ற பெயருக்கும் அடித்து வீழ்த்தப்படுவது என்றே பொருள். நம் ஊரில் 'வாதம் அடிச்சிடுச்சு' என்பதும் அதே பார்வைதான். 1658இல் சுவிட்சர்லாந்தின் யோகான் வெப்ஃபர் இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்து, மூளைக்குள் ரத்தம் கசிந்திருப்பதை எழுதினார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவதாலும் இது வரும் என்று கண்டவரும் அவரே. அன்றிலிருந்து இது மூளையின் ரத்தக்குழாயில் வரும் நோய் என்று தெரியும். பெயர்தான் மாறவில்லை.

பெயர் மாறாவிட்டால் என்ன என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் காலை பெரியம்மா அடுப்படியில் நின்றுகொண்டு, கையில் கரண்டியை வைத்துக்கொண்டே 'சாவி எங்கே, சாவி எங்கே' என்று கேட்டார். கரண்டியைத்தான் சாவி என்கிறார் என்று எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கை நன்றாக வேலை செய்தது, நடந்தார், வாய் கோணவில்லை. 'கை கால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு, பித்தமா இருக்கும்' என்று எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தோம். மதியம் வலது கை தொங்கிய பிறகுதான் ஆட்டோ பிடித்தோம். காலையிலேயே அவருக்கு ஸ்ட்ரோக் வந்திருந்தது. பக்கம் விழாததால் எங்களுக்கு அது பக்கவாதமாகத் தெரியவில்லை. அந்தச் சொல் விளைவின் பெயர், அதுவும் பல விளைவுகளில் ஒன்றின் பெயர். பேச்சு குழறுவது, சொல் மாறுவது, ஒரு கண்ணோ பாதிப் பார்வையோ போவது, தள்ளாடுவது, திடீர்க் குழப்பம் எல்லாமே ஸ்ட்ரோக்காக இருக்கலாம்.

பெண்களிடம் முகம் கோணல், கை பலவீனத்தோடு கூடவே குழப்பம், அசதி, மயக்கம், தலைவலி போன்றவை ஆண்களைவிடச் சற்று அதிகமாகத் தென்படுவதாக மருத்துவர்கள் சொல்கிறார்கள். 'பொம்பளைங்களுக்கு மயக்கம் வர்றது சகஜம்' என்று விட்டுவிடுகிற வீட்டில் இது எத்தனை ஆபத்து!

பெண்ணுக்கு வருகிற ஸ்ட்ரோக் ஒன்று இன்னொரு சொல்லுக்குள்ளும் ஒளிந்திருந்தது. அந்தச் சொல் ஜன்னி. வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷமும் ஒன்றாகக் கெடுவதைக் குறிக்கும் சந்நிபாதம் தேய்ந்து ஜன்னி ஆயிற்று. 'பிள்ளை பெத்தவ ஜன்னி கண்டு போயிட்டா' என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். தலைவலி, பிதற்றல், வலிப்பு, அப்புறம் நினைவிழப்பு. பிரசவக் காய்ச்சலும் கர்ப்பகால ரத்தக் கொதிப்பால் வரும் வலிப்பும் அந்தப் பெயரில் அடங்கும். மூளைச் சிரையில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டவர்களும் அதில் இருந்திருப்பார்கள். பேற்றின்போது ரத்தப்போக்கை நிறுத்த வேண்டும் என்பதற்காகக் கர்ப்பத்தில் ரத்தம் எளிதில் உறையும்படி உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிறது. அதனால் பிள்ளை பெற்ற முதல் ஆறு வாரம் அபாயம் கூடுதலான காலம். உடம்பில் நீர் வற்றினால் உறைவது இன்னும் அதிகமாகும். நாமோ 'பச்சை உடம்பு, தண்ணி நிறைய குடிக்காதே, வயிறு பெருத்துடும்' என்று சொம்பை எடுத்து வைத்துவிடுவோம். இந்தப் பத்தியம் ஒன்றை மட்டுமாவது விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கேட்கத் தோன்றுகிறது. பிள்ளை பெற்றவளுக்கு நாள்கணக்கில் தலைவலி நின்றாலோ, வாந்தியோ வலிப்போ வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

சரி, இனி 'ரிஸ்க் ஃபேக்டர்'. இதை ஆபத்துக் காரணி என்கிறோம், இடர்க்காரணி இன்னும் கச்சிதம். காரணம் வேறு, காரணி வேறு. காரணம் இருந்தால் காரியம் நடந்தே தீரும். காரணி வாய்ப்பைக் கூட்டும், அவ்வளவுதான். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 1948இல் 5,209 ஆண் பெண்களைக் கொண்டு ஓர் இதயநோய் ஆய்வு தொடங்கியது. அதில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் கேனலும் குழுவினரும் 1961இல் வெளியிட்ட கட்டுரை வழியாக இந்தச் சொற்றொடர் பரவியது. அதே ஃபிரேமிங்ஹாம் ஆய்வு பின்னாளில் சொன்ன கணக்கு: 55 வயதில் நோயில்லாமல் இருப்பவர்களில் வாழ்நாளுக்குள் ஸ்ட்ரோக் வருவது பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு, ஆண்களில் ஆறில் ஒருவருக்கு. நடுவயதில் ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. பெண்கள் நீண்ட நாள் வாழ்வதால் கடைசியில் கணக்கு மாறிவிடுகிறது.

ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, கொழுப்பு, உடல் பருமன் இருபாலருக்கும் பொது. ஆனால் பொது என்பதால் சமம் ஆகிவிடாது. சர்க்கரை நோய் கூட்டும் அபாயம் பெண்களுக்கு ஒரு படி அதிகம். இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் அப்படியே. ஆண்கள் பக்கம் பார்த்தால் பீடி, சிகரெட், குடி, இளவயதிலேயே ஏறி யாரும் பார்க்காமல் விட்ட பிரஷர். பெண்களுக்கு மட்டுமே உரியவை வேறு. ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரை அவற்றில் ஒன்று. கண்முன் மின்னல் போல ஒளி நெளிந்து பிறகு வரும் ஒற்றைத் தலைவலி ஆண்களுக்கும் உண்டு, பெண்களுக்கே அதிகம். அது இருப்பவர் அந்த மாத்திரையை டாக்டரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. கர்ப்பத்தில் பிரஷர் ஏறி சிறுநீரில் புரதம் போகும் ப்ரீஎக்ளாம்ப்சியா வந்தவருக்கு, குழந்தை பிறந்து பிரஷர் இறங்கிய பிறகும் பிற்காலத்தில் ஸ்ட்ரோக் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெண்களின் ஸ்ட்ரோக்கைத் தடுப்பதற்கென்றே அமெரிக்க இதயச் சங்கம் முதன்முதலாகத் தனி வழிகாட்டி வெளியிட்டது 2014இல்தான். ஐம்பது வயதில் பிரஷர் மாத்திரை வாங்கப் போகும் அம்மாவிடம் 'கர்ப்பத்துல பிரஷர் இருந்துச்சா' என்று யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும்.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். மாரடைப்பு என்ற சொல்லைப் பாருங்கள். எந்த இடம், என்ன நடந்தது, இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. கேட்டதும் ஓடுகிறோம். அதே அச்சில் மூளையடைப்பு, மூளைக்கசிவு என்று இரண்டு சொல் போதும், வருபவற்றில் பெரும்பாலானவை அடைப்புத்தான். இரண்டுக்கும் பொதுவாக மூளைத்தாக்கு. ஸ்ட்ரோக்கின் 'அடி'யும் அதில் வந்துவிடுகிறது. தாக்கம் என்று எழுதாதீர்கள், அது பாதிப்பு, செல்வாக்கு என்ற பொருளுக்குப் போய்விடும். பக்கவாதத்தைத் தூக்கி எறிய வேண்டாம், கை கால் செயலிழந்த நிலைக்கு அது சரியான சொல். முகவாதம், இளம்பிள்ளைவாதம், முடக்குவாதம் என்று வேறு நோய்களும் அதே வாதத்தில் இருப்பதால்தான் முதல் அலாரத்துக்கு அது உதவாது.

அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம், நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நொடியிலிருந்து கணக்காகும். 108க்கு அழைக்கும்போது 'மயக்கமா இருக்காங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'ஏழரை மணி வரைக்கும் நல்லாப் பேசினாங்க, இப்போ பேச்சு மாறுது, மூளைத்தாக்கா இருக்கும்' என்று சொல்லுங்கள்.