இரும்பு மேல நைட்ரஜன் உட்கார்ந்துச்சுன்னு எப்படித் தெரியும்?

காத்துல 78 சதவீதம் நைட்ரஜன்தான், ஆனா அதோட மூலக்கூறுல இருக்கற ரெண்டு அணுவும் மூணு பிணைப்பு போட்டு இறுக்கிப் பிடிச்சிருக்கறதால அசைக்கவே முடியாது, உரத்துக்கு அமோனியா ஆக்கணும்னா ஹேபர் முறையில 400 டிகிரிக்கு மேல சூடும் பயங்கர அழுத்தமும் வேணும். ஒத்தை இரும்பு அணு இருக்கற ஒரு சேர்மத்த வெச்சே இதப் பண்ணலாம்னு 2013ல அமெரிக்காவோட கால்டெக் பல்கலைக்கழகத்துல ஜோனாஸ் பீட்டர்ஸ் குழு காட்டினாங்க. மைனஸ் 78 டிகிரில, ஒரு இரும்புக்கு 7 அமோனியா வரைக்கும்.

அந்த இரும்பப் பிடிச்சிருக்கறது பாஸ்பீன் லிகண்ட், அதாவது உலோகத்தோட ஒட்டிக்கற, பாஸ்பரஸ் இருக்கற மூலக்கூறு. பாஸ்பரஸ்ல ஒரு ஜோடி எலக்ட்ரான் சும்மாவே இருக்கும், அத இரும்புக்குக் குடுத்து ஒட்டிக்கும். இங்க மூணு பாஸ்பரஸ் கை, அதையெல்லாம் சேர்த்துக் கட்டற ஒரு போரான். லிகண்ட், இரும்பு புரோமைடு, கொஞ்சம் இரும்புத்தூள் எல்லாம் சேர்த்து சூடாக்கினா புரோமைடு ஒட்டின இரும்பு கிடைக்கும், அப்புறம் சோடியம் அமால்கம் (பாதரசத்துல கரைச்ச சோடியம்) போட்டு எலக்ட்ரான் ஏத்தினா புரோமைடு கழண்டு அந்த இடத்துல நைட்ரஜன் வந்து உட்காரும். எல்லாமே குளோவ்பாக்ஸுங்கற வெளிக்காத்து புகாத பெட்டிக்குள்ளதான், ஆக்சிஜன் பட்டா காலி.

சரி, உட்கார்ந்துச்சுன்னு எப்படி நம்பறது? பாஸ்பரஸ்னா முதல்ல என்எம்ஆர்தான் (காந்தப்புலத்துல வெச்சு அணுக்கருவோட சிக்னலப் படிக்கற முறை) ஞாபகம் வரும், ஆனா இந்த மாதிரி இரும்புல ஜோடி சேராத எலக்ட்ரான் இருந்தா பக்கத்துல இருக்கற பாஸ்பரஸ் சிக்னல் பெரும்பாலும் காணாமலே போயிடும். பிணைப்போட அதிர்வ அளக்கற இன்ஃப்ராரெட் தான் கைகுடுக்கும். தனியா இருக்கற நைட்ரஜனோட அதிர்வு அலைஎண் சென்டிமீட்டருக்கு 2331, எதிர்மின் சுமை ஏறின இந்த இரும்பு மேல உட்கார்ந்ததும் 1905க்கு இறங்கிடுது, அதாவது இரும்பு தன் எலக்ட்ரான தள்ளி அந்த மூணு பிணைப்பத் தளர்த்திடுச்சுன்னு அர்த்தம். ஆசைப்பட்டது இதுக்குத்தானே!

எக்ஸ்ரே படம் எடுத்தா அணு எங்க இருக்குன்னே தெரியும்தான், ஆனா அது பொறுக்கி எடுத்த ஒரே ஒரு படிகத்தோட கதை, ஃபிளாஸ்க்ல மிச்சம் என்ன கிடக்குன்னு சொல்லாது. அதுக்கு மாஸ்பவர்ங்கற முறைதான் பெஸ்ட்னு நான் சொல்லுவேன், காமா கதிர விட்டு சாம்பிள்ல இருக்கற இரும்பு என்னென்ன நிலையில எவ்வளவு இருக்குன்னு காட்டிடும், குப்பையும் சேர்த்து. ஒரே கஷ்டம், இரும்பு-57ங்கற ஐசோடோப்பு மட்டும்தான் இதுல தெரியும், அது இயற்கை இரும்புல 2 சதவீதம் சொச்சம், அதனால சில நேரம் காசு செலவழிச்சு இரும்பு-57 வாங்கி அதுல இருந்தே முழு சேர்மத்தையும் மறுபடி முதல்ல இருந்து செய்வாங்க.